சரிவில் தோண்டிய குழி

பச்சைமலை அடிவாரச் சரிவில் வீடு கட்டத் தொடங்கினோம். தரைக்குக் கீழே ஓர் அறை வேண்டுமென்று நான்தான் பிடிவாதமாகக் குழி தோண்ட வைத்தேன். மூன்றாம் நாள் சித்தாள் செல்வி உள்ளே இறங்க மறுத்தாள்.

"சுவத்துக்குள்ள ஏதோ முனகுதுங்க சார்."

"வேலை செய்ய வலிக்குதா?" என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு நானே இறங்கினேன். மண்சுவரில் காதை வைத்தேன். சித்திரை வெயிலிலும் சில்லென்றிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்டது. என்னால் நகர முடியவில்லை.

"ஏறி வந்துடுங்க சார்!" இறங்க மறுத்தவளே ஏணியில் இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் மேலேறியதும் சுவர் சரிந்து குழியை மூடியது. மண்ணைப் பிளந்துகொண்டு கலங்கிய ஊற்றுநீர் பொங்கியது.

கீழறையைக் கைவிட்டு, தூண்கள்மேல் வீட்டைக் கட்டினோம். அத்தனை பேச்சு வாங்கிய பிறகும் அவள் எனக்காக இறங்கினாளே என்று நினைத்தால், இன்றும் கூசிப்போகிறேன்.