மூன்றாவது மணி

நாலு மணி அடித்ததும் ஆவுடைநாயகம் பிள்ளை மேஜை டிராயரைத் திறந்து மணியை வெளியே எடுக்கிறார். மரப்பிடி போட்ட பித்தளைக் கைமணி. காலையில்தான் வீட்டில் புளி போட்டு விளக்கியிருக்கிறார், இருந்தாலும் இன்னொரு தடவை துணியால் துடைக்கிறார். துடைத்தபின் மணியின் நாக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு லேசாக ஆட்டிப் பார்க்கிறார். பிடி ஆடுகிறதா என்று சோதனை. சத்தம் வந்தால் பக்கத்து மேஜையில் கண்ணயர்ந்திருக்கும் பில் கலெக்டர் திடுக்கிட்டு எழுந்துவிடுவார் என்பதற்காகத்தான் அந்த இரண்டு விரல். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பார்க்குக்குக் கிளம்புகிறார்.

அவர் நகரசபை ஆபீஸ் குமாஸ்தா. வருஷத்தில் ஒன்பது மாதம் நாய் லைசென்சும் தெருவிளக்கும் அவர் பொறுப்பு. ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் சீசன் கமிட்டி அவரை இரவல் வாங்கிக்கொள்கிறது. அருவிக்குப் போகிற வழியில் உள்ள பார்க்கில் மேடை போட்டு, மூன்று மாதம் சனி ஞாயிறு சாயங்காலங்களில் கச்சேரி, நாட்டியம், நாடகம், பொம்மலாட்டம் எல்லாம் நடத்துவது அவர் வேலை. ஆபீஸ் பீரோவில் நாய் லைசென்ஸ் காகிதக் கட்டுக்குப் பக்கத்திலேயே நாதஸ்வரக் கட்டும் இருக்கிறது. ஒரு தடவை இரண்டும் இடம் மாறி, செங்கோட்டை வித்வான் ஒருவருக்கு வெறிநாய் ஊசி பற்றிய நோட்டீஸ் போய்விட்டது. வித்வான் பெரிய மனுஷர். சிரித்துக்கொண்டே வந்து வாசித்துவிட்டுப் போனார்.

ராகம் தாளம் எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. அதை அவர் மறைப்பதும் இல்லை. "எனக்குச் சங்கீதம் தெரியாதுவே. அது எம்புட்டு நேரம் ஆவும்னு தெரியும்" என்பார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எட்டு வருஷத்துக் கணக்கு இருக்கிறது. நாட்டியக்காரப் பெண் சலங்கை கட்டி மேடைக்கு வர இருபது நிமிஷம். பொம்மலாட்டத்தில் ஒரு கயிறு அறுந்தால் ஏழு நிமிஷம். நாடகத்தில் ராஜா சாக நாலு நிமிஷம், அவருக்கு மீசை ஒட்டாமல் போனால் கூட ரெண்டு. தவிலுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. "தவில்காரன் கையில கெடியாரம் நிக்காது" என்று கை விரித்துவிடுவார்.

அவரிடம் இரண்டு கெடியாரம். ஒன்று மணிக்கட்டில், ஒன்று சட்டைப் பையில். பார்க்கில் இருக்கும் பொது ரேடியோவில் செய்தி தொடங்கும்போது இரண்டையும் சரிபார்ப்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு நிமிஷம் மாறினாலும் முகம் வாடிவிடும். "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு தெரிய மாட்டேங்கு" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருப்பார்.

மணி வந்த கதை தனி. ஐம்பத்து மூன்றாம் வருஷம், அவர் இந்த வேலைக்கு வந்த முதல் சீசன். ஒரு பாகவதர் கதை சொல்ல உட்கார்ந்தார். எட்டு மணிக்கு முடிக்க வேண்டியவர் பத்துக்கு எழுந்தார். எட்டு பத்துக்குத் தென்காசி போகும் கடைசி பஸ் அதற்குள் போயே போய்விட்டது. கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் மூன்று மைல் தூரம் சாரலில் நனைந்துகொண்டே நடந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு பிள்ளையும் நடந்தார். வழியில் ஒரு அம்மாள், அவர் யாரென்று தெரியாமல், "இந்த எழவக் கூட்டுனவன் நல்லாருப்பானா?" என்று கேட்டாள். மறுவாரமே, ஐந்தருவியில் சீசன் கடைகளை ஏலம் விடும்போது அடிக்கிற மணியை ஆபீசில் எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டார். ஏழு ஐம்பதுக்கு முதல் மணி. ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. எட்டுக்கு மூன்றாவது மணி விழுந்தால் மைக் செட்டுக்காரர் செல்லச்சாமி குமிழைத் திருகி மைக்கை நிறுத்திவிடுவார், பாடுகிறவர் யாராக இருந்தாலும் சரி. எட்டு வருஷத்தில் மூன்றாவது மணியைத் தாண்டிப் பாடியவர் ஒருவரும் இல்லை. மெட்ராசிலிருந்து வந்த ஒரு வித்வான் கோபித்துக்கொண்டு சால்வையை மேடையிலேயே போட்டுவிட்டுப் போனார். பிள்ளை அதை மடித்துத் தபாலில் அனுப்பி வைத்தார்.

இந்த ஆடி பிறந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். சீசன் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, வில்லுப்பாட்டு ஒன்று வைக்கலாம் என்றார். கமிட்டிச் சேர்மனுக்கு அது பிடிக்கவில்லை.

"வே பிள்ளை, அது கோயில் கொடையில விடிய விடியப் பாடுதது. சீசனுக்கு வந்தவுகளுக்கு அது புரியுமாவே? நடுவுல எவளுக்காவது சாமி வந்து ஆடுனா என்ன செய்வீரு?"

"எட்டு மணிக்கு முடிஞ்சிரும்யா."

"முடியாட்டி?"

"முடியாட்டி அடுத்த வருசம் வில்லு கெடையாது. நானும் நாய் லைசென்சோட இருந்துக்கிடுதேன்."

வாயால் சொன்னதைச் சேர்மன் எழுத்தில் கேட்டார். பிள்ளை எழுதிக் கொடுத்தார். சொந்த ஊரில் கொடைக்கு வில்லு கேட்டு வளர்ந்த மனுஷர். பார்க்குக்கு வருகிற மெட்ராஸ்காரர்கள் அதையும் ஒரு தடவை கேட்கட்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. வீட்டில் இராமலட்சுமியிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தார். கமிட்டியில் சொல்ல வெட்கம்.

ராயகிரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேராச்சியைப் பார்த்தார். நாற்பது வயசுக்காரி. அந்தப் பக்கத்தில் வில்லடிக்கப் பேர் போனவள். பருத்திக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே சொன்னாள்:

"சுருக்கிப் பாடலாம் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. ஆரம்பிச்ச கதைய நடுவுல நிறுத்தப்பிடாது. ஏழு அண்ணமாரு சேந்து தங்கச்சியக் கெணத்துல தள்ளுதாவ பாத்தியளா, அவளுக்கு வரம் வாங்கிக் குடுத்து, சாமியாக்கிப் பீடத்துல உக்கார வச்சிட்டுத்தான் வில்ல விட்டு எந்திரிக்கணும். செத்த பிள்ளைய அங்கனயே போட்டுட்டு வந்தான்னு பேராயிட்டுன்னா அப்புறம் எந்தக் கோயில்லயும் என்னக் கூப்பிட மாட்டாவ."

பிள்ளை இரண்டு கெடியாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்பம் பாடு, கேப்பம்" என்றார். வில்லும் இல்லை, குடமும் இல்லை. பேராச்சி கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் தட்டிக்கொண்டு கதை முழுவதையும் பாடி முடித்தாள். எழுபத்திரண்டு நிமிஷம். ஆறு நாற்பதுக்குத் தொடங்கினால் ஏழு ஐம்பத்திரண்டுக்குத் தங்கச்சி பீடம் ஏறிவிடுவாள். நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டார்.

வில்லுப்பாட்டு அன்றைக்கு எல்லாம் சரியாகவே வந்தது. சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் தண்ணீர் நிதானம். எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாக வெளியூர்க்காரர்கள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தென்காசியிலிருந்து வந்த குடும்பங்கள் பின்னால் ஜமுக்காளத்தில். ஆறரைக்குச் சேர்மன் வரவேற்புரை. பத்து நிமிஷம் என்று அச்சடித்திருந்தது.

சேர்மன் அருவியின் பெருமையில் ஆரம்பித்தார். அதன் மூலிகைகளுக்குப் போனார். மூலிகையிலிருந்து தம்முடைய முட்டிவலிக்கும், முட்டிவலியிலிருந்து தாம் போட்ட சிமெண்ட் படிக்கட்டுக்கும் வந்தார். முன்வரிசையில் ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தபடியால் படிக்கட்டை ஒவ்வொரு படியாக ஏறினார். பிள்ளையின் கை இரண்டு தடவை மணிப்பிடிக்குப் போய்த் திரும்பியது. பாகவதருக்கும் வித்வானுக்கும் அடித்த கை சேர்மனுக்கு அடிக்கவில்லை. சேர்மன் உட்காரும்போது மணி ஏழு ஆறு.

பிள்ளை மேடை ஓரத்துக்கு ஓடினார். "ஏம்மா, கொஞ்சம் சுருக்க முடியுமா?"

"சுருக்குனதத்தான் அண்ணாச்சி வச்சிருக்கேன்" என்றாள் பேராச்சி. வீசுகோலை ஓங்கி வில்லில் போட்டாள். மணிகள் அத்தனையும் சேர்ந்து குலுங்கின.

பாட்டு நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, மிக நன்றாக இருந்தது. மெட்ராஸ் அம்மாள் ஒருத்தி கையிலிருந்த ரம்புட்டான் பழத்தை உரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மட்டும் ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. ஏழு ஆறும் எழுபத்திரண்டும் எட்டுப் பதினெட்டு என்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கூட்டினாலும் அதே பதினெட்டுத்தான் வந்தது.

ஏழு ஐம்பதுக்கு முதல் மணி அடித்தார். கதையில் அண்ணன்மார் தங்கையைத் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டுப் போனார்கள். ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. ஏழாவது அண்ணன் அவள் முதுகில் கை வைத்தான். அவள் கிணற்றுக்குள் விழுந்ததும் குடம் நின்றது, உடுக்கு நின்றது. கூட்டத்தில் இருமல்கூட இல்லாமல் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு மணி. செல்லச்சாமி குமிழில் கை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து சேர்மன் உடம்போடு திரும்பி, தம் மணிக்கட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பிள்ளை மணியைத் தூக்கிவிட்டார். பேராச்சி அதைக் கண்டாள். பாட்டை நிறுத்தவில்லை. வில்லில் கோலை மெல்லத் தட்டியபடி, கதைக்கு நடுவே பேசுகிற குரலிலேயே அவரைக் கூப்பிட்டாள்:

"கேட்டியளா அண்ணாச்சி! பிள்ளை கெணத்துக்குள்ள கெடக்கா. அவள அங்கன போட்டுட்டு நாம வீட்டுக்குப் போவலாமா?"

"போவப்பிடாது, போவப்பிடாது!" என்று குடத்துக்காரர் பதில் பாட்டெடுத்தார். கூட்டத்திலும் இரண்டு மூன்று பெண்கள் அவரோடு சேர்ந்து சொன்னார்கள்.

பிள்ளைக்கு அவமானமாக இருந்தது. பேராச்சி கேட்டதற்காக இல்லை. அரை மணி நேரம் பேசியவருக்கு அடிக்கத் தைரியமில்லாத மணியை, சொன்ன நேரத்துக்குள் பாடிக் காட்டியவளுக்கு அடிக்கக் கை தூக்கினோமே என்றுதான். ஆனால் பஸ்? ஐம்பத்து மூன்றில் சாரலில் நடந்த அந்த அம்மாளின் குரல் இன்னும் அவர் காதில் இருந்தது. எட்டுப் பத்து பஸ்ஸுக்கு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று ஜமுக்காளங்களை எட்டிப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கும் பின்னால், பார்க் வாசலில் இருக்கும் பலா மரத்தடியில், இரண்டு காக்கிச் சட்டைகள் தெரிந்தன. ஒருவர் கடைசி பஸ் கண்டக்டர் குத்தாலிங்கம். கிணற்றில் கிடப்பவளுக்காகத் தலையை அசைத்து அசைத்து இரங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்து எக்கியபடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர் டிரைவர்.

ஆவுடைநாயகம் பிள்ளை தூக்கிய மணியை இறக்கினார். சேர்மன் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். மணியைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் நாக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டினார். ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.