கால் கழுவிய ஊருணி

சர்வே வேலைக்குச் சேர்ந்த புதிது, ஐம்பதுகளில் ஒரு சித்திரை மாதம். திருவரங்குளம் பக்கத்தில் ஓர் ஊருணியில் இறங்கி, செருப்போடு காலைக் கழுவினேன். குடத்தோடு வந்த ஒரு பெண் கத்தினாள்.

"குடிக்கிற தண்ணியில காலை வைக்கிறீங்களே, கண்ணு தெரியலையா?"

"கவர்மெண்ட் ஆளுகிட்ட வாயை அடக்கிப் பேசு" என்று அதட்டினேன். அளக்கவேண்டிய இடத்துக்கு அவளிடம் போய் வழி கேட்பதா? குடிக்கத் தண்ணீர்கூட எடுக்காமல் முள்காட்டுக்குள் நடந்தேன்.

உச்சிவெயிலில் வழி தவறியது. நிழல் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொழுது சாயும்போது ஒரு கரை தெரிய, தள்ளாடி ஓடினேன். அதே ஊருணி! சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறேன். மறுபடி தண்ணீர் எடுக்க அவளும் வந்திருந்தாள்.

படியில் பாயப்போன என்னை மறித்தாள். "மடமடன்னு குடிச்சா வாந்தி வரும். அங்கிட்டு நெழல்ல உக்காருங்க."

குடத்திலிருந்து என் கையில் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினாள். முகத்தில் துளி இரக்கமில்லை.

"குடிங்க. காலையில நீங்க கால் கழுவுன தண்ணிதான். எங்க புள்ளைகளும் இதத்தான் குடிச்சுச்சுங்க."

குடித்தேன். விரலிடுக்கில் வழிந்ததையும் நக்கிக் குடித்தேன்.

இன்றும் தண்ணீர்ச் செம்பை வாங்கினால், என் கண் முதலில் என் காலைத்தான் பார்க்கிறது.