ஒளித்து வைத்த ஏணியும் கொய்யா ஜாமும்

போன வாரம் எங்கள் வீட்டு ஏணியை நானே தூக்கிக்கொண்டு போய் பின்பக்கம் ஒளித்து வைத்தேன். மேலே ஒரு பழைய தார்ப்பாய் வேறு.

திருட்டுப் பயமா? அதெல்லாம் இல்லை. பிரிஸ்பேனிலிருந்து ராஜம்மா அக்கா வந்திருந்தார்!

ராஜம்மா அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. அவர் வந்து இறங்கிய மறுநாள் காலை, எங்கள் ஊர் நகாசியில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஃபிஜியில் சுவா பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்... இங்கே மழைதான் வீட்டுக்காரர். வெயில் எப்போதாவது வரும் விருந்தாளி. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அடுப்பங்கரை மேசையில் முதல் நாள் நான் போட்டு அடைத்த கொய்யா ஜாம் பாட்டில்களைப் பார்த்தார். உடனே கேள்வி வந்தது.

"ஏண்டி, ஏணி எங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரு, குடுத்துட்டேன் அக்கா" என்று கூசாமல் புளுகினேன்.

ஏன் அந்தப் புளுகு? அதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டாயிரமாம் வருடத்துக்குப் போக வேண்டும். பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அந்த வருடம்.

அப்போது நான் ஒரு தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஒருநாள் காலை வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டதாம். வீட்டுக்குத் திரும்பினால் தெருவில் யாரோ கட்டிலையும் ஃபிரிட்ஜையும் வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர்... விசா கிடைத்த ஊருக்கு ஓட்டம்.

அக்கா குடும்பத்துக்கு பிரிஸ்பேன் கிடைத்துவிட்டது. "நீங்களும் வந்துடுங்க, நான் ஏற்பாடு பண்றேன்" என்று என் கணவரிடம் அவர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவரோ காலையில் "இங்கேயே இருப்போம்" என்பார். சாயங்காலம் ரேடியோ கேட்டதும் "போயிடலாம்" என்பார். மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து!

எனக்குப் போக இஷ்டமில்லை. தேசபக்தி என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவன் துப்பாக்கியைக் காட்டினான் என்பதற்காக நான் எதற்கு என் அடுப்பங்கரையைக் காலி செய்ய வேண்டும்? கோபம்தான். வெறும் கோபம்.

ஆனால் கோபத்தில் உலை கொதிக்குமா? ஏதாவது வருமானம் வேண்டுமே.

அப்போதுதான் கொய்யா கண்ணில் பட்டது. ஃபிஜியில் கொய்யா ஒரு களை. மாடு மேயும் இடத்தில், ரோட்டோரத்தில், வாய்க்கால் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும். பறித்தால் கேட்க ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஹோம் எகனாமிக்ஸ் வகுப்பில் ஜாம் போடக் கற்றுக்கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. வடக்குத் தீவில் இருக்கும் சவுசவு என்ற ஊரில் தெரிந்த கடைக்காரர் ஒருவர், துறைமுகத்துக்கு வரும் பாய்மரப் படகுக்காரர்களுக்குச் சாமான் விற்பவர். அவருக்குப் போன் போட்டேன்.

"ஜாம்னா அனுப்புங்க பஹினி. ஆனா படகு ஆடுற ஆட்டத்துல மூடி ஊதக் கூடாது. ஒரு பெட்டி பாத்துட்டு மிச்சத்தைச் சொல்றேன்" என்றார். பஹினி என்றால் எங்கள் ஊர் ஹிந்தியில் சகோதரி.

இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "ரெண்டாவது பெட்டி கேட்டாருன்னா இங்கேயே இருப்போம். கேக்கலைன்னா அண்ணன் பின்னாலேயே கிளம்பிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன். என் முழு வாழ்க்கையையும் கொய்யாப்பழத்தின் தலையில் ஏற்றி வைத்தாயிற்று!

பழத்தை வேகவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறி, கொதிக்கக் கொதிக்க பாட்டிலில் ஊற்றி மூடினேன். மூடிய பாட்டில்களைப் பெரிய தேக்சிப் பாத்திரத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி மறுபடி கொதிக்க வைத்தேன். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி 'டிக்' என்று உள்ளே அமுங்கும். உள்ளே காற்று புகாது என்பதற்கு அதுதான் சாட்சி. அத்தனை பாட்டிலும் டிக், டிக் என்று சொன்ன பிறகு நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போனேன்.

நான் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் வெயில் வந்தது. வெயிலோடு அக்காவும் வந்தார்.

எங்கள் ஆட்கள் ஊறுகாய்க்காரர்கள். மாங்காயோ எலுமிச்சையோ, பாட்டிலின் வாயில் துணி கட்டித் தகரக் கூரையில் காயவைத்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். அக்கா அதில் புலி. ஜாம் பாட்டில்களைப் பார்த்ததும் 'பாவம், அவசரத்தில் வெயில் காட்டாமலே மூடிவிட்டாள்' என்று நினைத்திருக்கிறார். நல்ல மனசு! எல்லா மூடியையும் திறந்து, சுத்தமான வெள்ளைத் துணி கட்டி, ஏணி போட்டு கூரையில் ஏற்றிவிட்டார். நடுவில் ஒரு தூறல். ஓடிப்போய் இறக்கி, துடைத்து, இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். ஊரடங்கு. அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

டமார்!

தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நாங்கள் மூவரும் தரையில். ரோடு முனையில் காவலுக்கு நின்ற இரண்டு ராணுவக்காரர்கள் துப்பாக்கியோடு வாசல் வழியாக உள்ளே ஓடி வந்தார்கள். "யார் சுட்டது?" என்று உயரமாக இருந்தவர் எங்கள் ஊர் ஹிந்தியில் கத்தினார். என் கணவர் படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கினார்.

அதே நேரம் அலமாரியில் இரண்டாவது பாட்டில்... டமார்!

துப்பாக்கி வைத்திருந்தவர்களும் தரையில், நாங்களும் தரையில்.

கூரையிலிருந்து ரோஸ் நிறத்தில் ஏதோ சொட்டியது. உயரமானவர் தன் தோளில் விழுந்ததை விரலால் தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்தார். புளித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... எழுந்து போகும் வரை நிறுத்தவில்லை.

நான் சிரிக்கவில்லை. ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் எல்லாம் புளித்து நுரைத்துப் போயிருந்தது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான்தான்டி வெயில்ல வச்சேன். நானே கெடுத்துட்டேனே" என்று அழுதார். என் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "போதும். அண்ணன்கூடவே போயிடலாம்" என்றார்.

"பெட்டி இன்னும் சவுசவு போகலைங்க. போகாத பெட்டிக்கு எப்படித் தீர்ப்பு சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் கொய்யா பறிக்கக் கிளம்பியாயிற்று. பருவம் முடியப்போகிறது. கீழ்க்கிளையில் பழமில்லை, முள்வேலி தாண்டி, சேற்றில் இறங்கி, உச்சிக் கிளையை வளைத்துப் பறித்தேன்.

சரி, பழைய மூடிகளெல்லாம் உப்பிக் கெட்டுவிட்டன; நல்ல மூடியோடு பாட்டிலுக்கு எங்கே போவது?

ஊரைவிட்டுப் போகிறவர்கள் கட்டிலை விற்பார்கள், காரை விற்பார்கள். காலி பாட்டிலை யார் வாங்குவார்கள்? மூட்டை கட்டும் வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டேன். காபி பாட்டில், தேன் பாட்டில், மயோனைஸ் பாட்டில்... அலமாரியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினேன். கூடவே சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? பிரிஸ்பேன் போக பாதிப் பெட்டி கட்டியிருந்த ராஜம்மா அக்கா! தன்னுடைய ஊறுகாய் பாட்டில்களையும் தர வந்தார். அது மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

இரண்டாவது தடவை போட்ட ஜாம் ஆறும்வரை அக்கா என் பக்கத்திலேயே இருந்தார். தொட்டுவிடுவோமோ என்று பயந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்... டிக்... ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முகத்தைப் பார்த்தார்.

பெட்டி கப்பலேறிப் போனது. பதில் வரவில்லை. அக்கா கிளம்பும் நாளே வந்துவிட்டது. நான்டி ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வாசலில் நிற்கிறது. என் கணவர் அக்காவின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அப்போது போன் அடித்தது.

"ஒரு மூடிகூட ஊதலை பஹினி. படகுக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த கப்பல்ல ரெண்டு பெட்டி வரட்டும்!"

நான் சொன்னதைக் கேட்ட என் கணவர் சூட்கேஸை வேனில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "அண்ணா, நாங்க வரலை" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை 'போயிடலாம்' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான்.

போனவர்கள் தப்பு, இருந்தவர்கள் சரி என்று நான் சொல்லவே மாட்டேன். அக்கா பிள்ளைகள் அங்கே நன்றாக இருக்கிறார்கள். ஆனால் போவதோ இருப்பதோ, முடிவு என்பது சூட்டோடு சூடாக மூட வேண்டிய சரக்கு. தினமும் சாயங்காலம் திறந்து திறந்து பார்த்தால் அது நுரைக்காமல் என்ன செய்யும்?

இந்த முறை புறப்படும்போது அக்கா ஒரு ஜாம் பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி... அங்க நல்லா வெயில் அடிக்கும். லேசா ஒரு நாள் மட்டும் வச்சு எடுக்கட்டுமா?"

ஏணியை, அவருடைய விமானம் கிளம்பியது உறுதியான பிறகுதான் வெளியே எடுத்தேன்.