மீட்டிங் நடக்கும் வீடு

நான் வேலை பார்த்த தனியார் பள்ளி கொரோனாவில் மூடியது. மறுபடி திறந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. அம்மா அதைத் தெருவில் சொல்லவில்லை. “அவ வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்குதா” என்று அடித்துவிட்டாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வேலையும் இல்லை என்று தெரிந்தால் எவன் பெண் கேட்டு வருவான் என்பது அவள் கவலை.

நானும் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்து, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கத்தி விளையாடினால் அம்மா வாசலில் நின்று, “மீட்டிங் நடக்கு, சத்தம் போடாதீய” என்பாள். உடனே பிள்ளைகளின் அம்மாவும் அவர்களை அதட்டி உட்கார வைப்பாள். உள்ளே நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் பழகிவிட்டது.

வேலையில்லாதோருக்கு உதவித்தொகை உண்டு என்பது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கத் தூத்துக்குடி போனபோதுதான் தெரிந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் கோவில்பட்டியில் தேர்வு வகுப்புக்குப் போய்வர, அம்மா களையெடுத்த கூலியில் பஸ்ஸுக்கு வாங்கி வாங்கி எனக்குக் கை கூசிப்போயிருந்தது. படிவத்தை வாங்கிவந்து நிரப்பிக் கொடுத்தேன். வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். நேரில் விசாரிக்காமல் போட மாட்டேன் என்றார். மாதக் கடைசிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்தார். காலையில் நல்ல மழை. கரிசல் மண் அவருடைய பைக் மட்கார்டில் அப்பிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். எதிர்வீட்டுச் சித்தி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். சொந்தம் இல்லை, சித்தி என்று கூப்பிட்டுப் பழக்கம்.

“அந்த வீட்டுப் பொண்ணு என்ன பண்ணுது? வேலைக்குப் போகுதா?” என்று அவளிடம் கேட்டார்.

நான் சன்னல் ஓரம் நின்றேன்.

“தங்கமான பிள்ள. கம்பெனி வேலை, வீட்டுல இருந்தே பாக்குதா. கை நிறையச் சம்பளம். நாள் பூரா மீட்டிங்குதான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு அப்படியே திரும்பி நடந்தார். நான் கதவுக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போவாதட்டி. தெருவே பாக்கும். மூணு மாசந்தான, பொறவு பாத்துக்கிடலாம்.”

“இன்னும் எத்தன மூணு மாசம்மா?”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் அவள் மேல் மட்டும் இல்லை. கையை உதறிக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடினேன்.

“சார், நான்தான் மனு கொடுத்தவ. எனக்கு வேலை இல்ல.”

அவர் நின்றார். “இந்தம்மா இருக்குங்கிறாங்களே?”

“அது பொய் சார். நாங்க சொன்ன பொய்.”

இரண்டு மூன்று வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. சித்தி கையில் இருந்த குழையைக் கீழே போட்டாள்.

“ஐயோ, நீங்க பொண்ணு விசாரிக்க வந்தவியன்னுல்லா நெனச்சேன்! மாப்பிள்ள வீட்டுக்காரவியன்னு நெனச்சுல்லா அப்படிச் சொன்னேன்!”

“அப்ப வேலை இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாலு வருசமா எதுத்தாப்பல இருக்கேன் சார். மீட்டிங்குல இந்தப் பிள்ள ஒரு நாளும் வாய் தொறந்து பேசிக் கேட்டதில்ல.”

நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ தெரிந்தே நாலு வருசம் தன் பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்திருக்கிறாள்.

எனக்கு வேலை இல்லை என்று ஆய்வாளர் எழுதிய தாளில் சித்தி கையெழுத்துப் போட்டாள். பிறகு படிவத்தில் அவர் போட்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்மா பழக்கத்தில் வாசலுக்கு வந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இனி கேக்கவியகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்றாள்.

“வேலை தேடுதேன்னு சொல்லும்மா” என்றேன்.