மேடம் ஐடியில நான் செஞ்ச வேலை

போன வருசம் சோமனூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தேன். டெம்ப்ரவரிதான். அந்தப் போஸ்ட்ல இருந்த அக்கா பிரசவ லீவுல போயிருந்தாங்க, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான். ஜூன்ல அவங்க வந்தா நான் கெளம்போணும். அப்பா தெளிவா சொல்லிப்போட்டாரு: "ஜூனுக்கு மேல நெலையா வேலை இல்லைன்னா மாமா கடைக்குப் போயிரு கண்ணு."

மாமா கடைன்னா ஆர்.எஸ்.புரத்துல பட்டுச்சேலைக் கடை. ஏ.சி.ல உக்காந்து பில் போடற வேலை. பி.எஸ்சி., பி.எட்., முடிச்சுட்டு, போத்தனூர்ல இருந்து தெனமும் ரெண்டு பஸ் மாறி, பாதி தூரம் நின்னுட்டே போனது அதுக்கில்ல. எனக்கு கிளாஸ்தான் வேணும். நாப்பது பேர் முன்னாடி நின்னு பேசற கெத்து எனக்குப் புடிக்கும். அத மறைக்க என்ன இருக்கு.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்த மொத நாள் கரஸ்பாண்டன்ட் மீட்டிங் போட்டாரு. ஸ்கூல் அவருதுதான், தறியும் வெச்சிருக்காரு, தோட்டமும் வெச்சிருக்காரு. ரொம்ப மரியாதையாப் பேசுவாரு. "ஏனுங்க, மத்த ஸ்கூல்ல எல்லாம் டெஸ்ட்டு போன்லயே வெக்கறாங்களாமா. நம்ம பசங்கதான் இன்னும் ஜெராக்ஸ் கடைல நிக்கறாங்க. இனிமே எல்லா டீச்சரும் ஆன்லைன்ல செய்யோணுமுங்க. வராதுங்கறவங்க ஜூன்ல யோசிச்சுக்கலாமுங்க."

யோசிச்சுக்கலாமுங்க. எங்கூர்ல வேலைய விட்டு அனுப்பறதுன்னாக்கூட இப்படித்தான், பின்னாடி ஒரு 'ங்க' போட்டு அனுப்புவாங்க.

அப்பறம் இன்னொன்னு சொன்னாரு. இதெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு போடப்போறாங்க, கோஆர்டினேட்டர்னு. புதுப் போஸ்ட்டு, பெர்மனன்ட்டு. "யாரு செஞ்சு காட்டறாங்களோ அவங்களுக்குங்க."

நான் அப்பவே மனசுக்குள்ள அந்தச் சேர்ல உக்காந்துட்டேன். இருந்த ஸ்டாஃப்ல ஆன்லைன் ஃபார்ம்னா என்னன்னு தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். போட்டியே இல்லாத ரேஸ்னு நெனச்சேன்.

பக்கத்துல மேக்ஸ் மேடம் உக்காந்திருந்தாங்க. இருவது வருசத்துக்கு மேல பத்தாங்கிளாஸ் கணக்கு. போர்டுல காம்பஸ் இல்லாம வட்டம் போட்டா அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். ஆனா போன்ல ஃபோட்டோ அனுப்பறதுக்கே பையனக் கூப்புடுவாங்க. மீட்டிங் முடிஞ்சதும் என் கையப் புடிச்சாங்க. சில்லுன்னு இருந்துச்சு.

"அம்மணி, எனக்கு இந்தக் கெரகமெல்லாம் ஒண்ணுந் தெரியாதே."

"நானிருக்கேன் மேடம், ஃப்ரீயா உடுங்க."

வந்த மொத வாரம் நான் தனியா சாப்புட்டுட்டு இருந்தப்ப, கூப்புட்டு பக்கத்துல உக்கார வெச்சவங்க அவங்கதான். அதுல இருந்து அவங்க டிபன்ல எனக்கும் சேர்த்து அரிசிம்பருப்பு சாதம் வரும். அந்த ஸ்கூல்ல நான் நம்புன ஆளு யாருன்னு கேட்டா, வேற பேரே வராது.

சரின்னு ரெண்டு பேரும் உக்காந்தோம். பத்தாங்கிளாஸ் கணக்கு மொத்தத்தையும் ஆன்லைனுக்குக் கொண்டு வர்றதுன்னு பிளான். மேடம் கணக்கு எழுதித் தருவாங்க. மத்ததெல்லாம் நான். ஸ்டாஃப் ரூம்ல இருந்தது ஒரே லேப்டாப். மொத நாளு தொறந்தப்பவே மேடம் கேட்டாங்க, "உன்ற ஐடிலயே பண்ணிக்கறயா அம்மணி?"

இந்த இடத்துலதான் நான் பெரிய மனுசி ஆனேன். "வேண்டாங்க மேடம், உங்க ஐடிலயே இருக்கட்டும். சீனியர் பேருதான மேல இருக்கோணும்."

கல்யாணப் பத்திரிகை அடிக்கறப்ப பாத்திருப்பீங்க. வேலை பூரா சித்தப்பா செய்வாரு, ஆனா மேல பெரியப்பா பேருதான். மாத்திப் போட்டா ஒறம்பரைச் சொந்தத்துல பாதிப் பேரு வரமாட்டாங்க. அதே பழக்கத்த ஒரு லேப்டாப்ல கொண்டு போய் வெச்சேன் பாருங்க. மேடத்துக்குப் புதுசா ஒரு ஐடி ஓப்பன் பண்ணி, அவங்க மகளோட பொறந்தநாள பாஸ்வேர்டா வெச்சு, அதுலயே எல்லா வேலையும் ஆரம்பிச்சேன். ஃபோல்டரோட ஓனர் அவங்க. பெருமையா வேற இருந்துச்சு, எவ்ளோ மரியாதை தெரிஞ்ச புள்ள நானுன்னு.

மூணு மாசம். ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி டைப் பண்ணி, மார்க் தானா விழற மாதிரி வெச்சு, யாரு எந்தக் கேள்வில விழறாங்கன்னு ஷீட்ல கலர்ல தெரியற மாதிரி பண்ணினேன். பையன் தப்பா விடை போட்டா, வெறும் 'தவறு'ன்னு வராது. "இல்லீங் கண்ணு, மைனஸ் குறிய உட்டுப்போட்டீங்க, இன்னொருக்கா பாருங்க"ன்னு வரும். எந்தக் கணக்குல எந்தத் தப்பு வரும்னு யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணா எழுதினது. பசங்க அதப் பாக்கறதுக்குன்னே தப்பாப் போட்டானுக.

வீடியோ எடுக்கறதுதான் கொடுமை. ஸ்கூலச் சுத்தி தறி. ரெக்கார்ட் பண்ணினா கணக்குக்குப் பின்னாடி டடக் டடக்னு ஓடிட்டே இருக்கும். மாசத்துல ஒரு நாள் கரண்ட்டு பூராவும் நிப்பாட்டுவாங்க இல்ல, அன்னைக்குத்தான் ஊரே அமைதியா இருக்கும். அந்த நாளுக்குக் காத்திருந்து, முன்னாடி நாளே லேப்டாப்ப ஃபுல் சார்ஜ் ஏத்தி வெச்சு, சார்ஜ் தீர்றதுக்குள்ள எடுத்து முடிச்சுருவோம். பேசறதெல்லாம் நான் எழுதித் தருவேன், மேடம் படிப்பாங்க. பசங்களுக்குப் பழகின குரலு அதுதானன்னு நான்தான் சொன்னேன். இதுலயும் விட்டுக்குடுத்தது நானேதான்.

இதுக்கு நடுவுல மத்த டீச்சர்களுக்கும் சொல்லித்தந்தேன். தமிழ் ஐயாவுக்கு எதையாச்சும் தேடோணும்னா, தேடற கட்டத்துல "ஏனுங்க, ஒன்பதாம் வகுப்பு இலக்கணப் பயிற்சி இருக்குங்களா"ன்னு டைப் பண்ணுவாரு.

"ஐயா, அது மெசினுங்க. ரெண்டு வார்த்த போட்டாப் போதும்."

"மெசினா இருந்தா என்னம்மா, கேக்கறதக் கொஞ்சம் நல்லவிதமாக் கேட்டா கொறஞ்சா போயிரும்?"

பி.டி. சாரு அவரு பாஸ்வேர்ட மறந்துருவேன்னு கிரவுண்டு செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சாரு. ஏழாங்கிளாஸ் பசங்க உள்ள பூந்து அவரு ப்ரொஃபைல்ல எருமை படம் போட்டுட்டானுக. ஒரு வாரம் கழிச்சுத்தான் கவனிச்சாரு. ஜாலியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

ஏப்ரல்ல ஒரு நாள் மத்தியானம் கிளாஸ்ல இருந்து வந்து போனப் பாத்தா, ஸ்டாஃப் குரூப்ல பூங்கொத்தா வந்து விழுந்துட்டு இருக்கு. மேல தள்ளிப் பாத்தேன். கரஸ்பாண்டன்ட் போட்டிருந்தாரு. நம்ம மேக்ஸ் மேடம் தனியாளா நின்னு பத்தாம் வகுப்புக் கணக்க ஆன்லைனுக்கு மாத்தியிருக்காங்க, ஜூன்ல இருந்து அவங்கதான் கோஆர்டினேட்டர், வாழ்த்துகள்.

தனியாளா. அந்த ஒரு வார்த்தைய எத்தன தடவை படிச்சேன்னு தெரியல. அவரு தெரியாமப் போட்டிருப்பாரு, மேடம் இப்பத் திருத்துவாங்கன்னு பாத்தேன். கீழ மேடம் பதில் போட்டிருந்தாங்க: "எல்லாம் உங்க ஆதரவுங்க சார்."

நேரா கரஸ்பாண்டன்ட் ரூமுக்குப் போனேன். உள்ள தமிழ் ஐயா ஏதோ கையெழுத்துக்கு நின்னுட்டு இருந்தாரு.

"சார், அது பூரா நான் செஞ்சதுங்க."

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. நீங்க ஒத்தாசை பண்ணினீங்கன்னு மேடமும் சொன்னாங்க."

ஒத்தாசை. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "ஒத்தாசை இல்லீங்க சார். ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்குங்க. யாரு, எந்த நாளு, எந்த எழுத்த மாத்தினாங்கன்னு பூராவும் அதுல பதிஞ்சிருக்கும். நானே காட்டறேன்." அவரோட கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி, ஃபோல்டரத் தொறந்து, ஹிஸ்டரிய அமுக்கினேன். கெத்தா அமுக்கினேன்.

வரிசையா வந்துச்சு. ஜனவரி, மேடம் பேரு. பிப்ரவரி, மேடம் பேரு. மார்ச், மேடம் பேரு. கீழ கீழ எறக்கிட்டே போறேன், ஒவ்வொரு வரிலயும் மேடம் பேரு. நான் ஒக்காந்து டைப் பண்ணினதுதான், ஆனா அவங்க ஐடில. மெசினுக்கு என்ன தெரியும், பத்திரிகைல பேரு யாருது, பந்தல் போட்டது யாருன்னு.

"சார், அந்த பதில்களையாச்சும் படிங்க. 'இல்லீங் கண்ணு'ன்னு வருது பாருங்க. அது என்ற பேச்சுங்க."

அவரு சிரிக்கவே இல்ல, நெசமாத்தான் சொன்னாரு. "நம்மூர்ல எல்லாருமே அப்படித்தானம்மா பேசறோம்."

தமிழ் ஐயாவப் பாத்தேன். தெனமும் மூணு மணிக்கு மேல ஸ்டாஃப் ரூம்ல எதிர் சேர்ல உக்காந்து நான் டைப் பண்றதப் பாத்துட்டே டீ குடிச்ச மனுசன். கரஸ்பாண்டன்ட் அவரையும் கேட்டாரு, "ஐயா, நீங்க பாத்திருப்பீங்களே?"

ஐயா கையில இருந்த பேப்பரப் பாத்தாரு. "ரெண்டு பேருமே உக்காந்திருப்பாங்க சார்."

பொய் இல்ல. அதான் ஆத்திரமே. ரெண்டு பேரும் உக்காந்துதான் இருந்தோம். ஒருத்தி டைப் பண்ணினா, ஒருத்தி பேப்பர் திருத்துனா.

மேடத்த கைகழுவற பைப்புக்கிட்டப் புடிச்சேன். டிபன் கழுவிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் பைப்ப மூடல, தண்ணி பாட்டுக்கு ஓடுச்சு.

"ஏனுங்க மேடம் இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நான் கேக்கல அம்மணி. அவரே கூப்புட்டு, நீங்கதானான்னு கேட்டாரு."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமுல்ல?"

அந்த டிபன் மூடியத் தேச்சுக்கிட்டே சொன்னாங்க. "உனக்கு இருவத்திநாலு வயசு. இங்க இல்லைன்னா இன்னொரு ஸ்கூலு. ஜூன்ல என்னை அனுப்பிச்சா எனக்கு யாரு அம்மணி வேலை தருவா? இந்த வயசுல நான் எங்க போய் நிக்கறது?"

அதுதான் இன்னும் எரியுது. திட்டியிருந்தா, பொய் சொல்லியிருந்தா, நானும் நாலு வார்த்த கேட்டுட்டு வந்திருப்பேன். அவங்க உண்மையச் சொல்லிப்போட்டாங்க. பயந்து போய்த்தான் செஞ்சிருக்காங்க, எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பயத்துக்கு என்ற வேலையத் தூக்கிக் குடுக்கலாம்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க இல்ல. பசிக்குதுன்னு கேட்டிருந்தா பாதியக் குடுத்திருப்பேன். ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக் கூட போதும். டிபன் பாதி எனக்குக் குடுத்தவங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்துல பாதி குடுக்க மனசு வரல.

ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. "நமக்கெதுக்குங்க வம்பு"ன்னு சயின்ஸ் மிஸ் யார்கிட்டயோ சொன்னது காதுல விழுந்துச்சு. போன வாரம் வரைக்கும் "மிஸ், இது ஏன் லோடாகல"ன்னு அஞ்சு நிமிசத்துக்கொருக்கா என்னைக் கூப்புட்டவங்க அவங்க.

மே கடைசில எல்லா டீச்சருக்கும் மூணு நாள் பயிற்சி. நடத்தறவங்க மேடம். நானும் வரோணும்னு ஆர்டரு, ஏன்னா மாசக் கடைசி வரைக்கும் நான் ஸ்டாஃபுதான. கடைசி பெஞ்சுல உக்காந்தேன். ஸ்கிரீன்ல, மத்த டீச்சர்களுக்குச் சொல்லித்தர நான் முன்னாடி செஞ்ச ஸ்லைடு. மேடம் அதுல இருந்தத அப்படியே படிச்சாங்க, கமாக்கூட விடல. நான் ஜோக்குன்னு எழுதி வெச்ச வரியையும் படிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஒருக்கா ஷீட்டு தொறக்காம நின்னுச்சு, மேடம் கை மவுஸ் மேல அப்படியே நின்னுபோச்சு. தலையத் திருப்பி என்னைப் பாத்தாங்க. நான் ஜன்னலப் பாத்தேன். பி.டி. சாரு போய் எதையோ அமுக்கி சரி பண்ணிட்டாரு. அதுவும் நான் சொல்லித்தந்ததுதான்.

முடியறப்ப கருத்துக் கேக்கற ஃபார்ம் ஒண்ணு போன்ல வந்துச்சு. அத ரொப்பினாத்தான் சர்டிபிகேட் மெயில்ல வரும். அந்த செட்டிங்கும் முன்னாடி நான் போட்டு வெச்சதே. பயிற்சி பயனுள்ளதா இருந்துச்சா, பயிற்சியாளர் தெளிவா விளக்கினாரா, எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டேன். கடைசில ஒரு பெரிய கட்டம்: வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா.

மூணு மாசக் கதையப் பக்கம் பக்கமா டைப் பண்ணினேன். அழிச்சேன். மறுபடி ஒரு வரி போட்டேன்: "இது பூரா நான் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க மேடம்." பேரும் போட்டு அனுப்பிட்டேன். ஃபார்ம் ஓனருக்கு மட்டும்தான் அந்தப் பதில் தெரியும்னு எனக்குத் தெரியும். கரஸ்பாண்டன்ட்டோ மத்தவங்களோ பாக்கப்போறதில்ல. அவங்க ஒருத்தராச்சும் படிக்கட்டும்னுதான்.

அடுத்த நிமிசம் மெயில் வந்துச்சு. அடிப்படை டிஜிட்டல் திறன் பயிற்சிய நான் வெற்றிகரமா முடிச்சதா சர்டிபிகேட். கீழ மேடம் கையெழுத்து.

மேடம்கிட்ட இருந்து பதிலு வரும்னு ஒரு வாரம் பாத்தேன். போனு இல்ல, மெசேஜும் இல்ல. இப்ப மாமா கடைலதான் இருக்கேன். ஜூன் ரெண்டாவது வாரம், கஸ்டமர் இல்லாத ஒரு மத்தியானம், அந்த ஃபார்ம் லிங்க்க சும்மா தொறந்தேன். அடுத்த பேட்சுக்கும் அதே ஃபார்மத்தான் அனுப்பறாங்க போல. கேள்வியெல்லாம் அப்படியே இருந்துச்சு, கடைசிக் கட்டத்த மட்டும் காணோம்.

ஃபார்ம்ல இருந்து ஒரு கேள்விய எப்படித் தூக்கறதுன்னு நான் அவங்களுக்குச் சொல்லித்தந்ததே இல்ல. அத அவங்களாவே கத்துக்கிட்டிருக்காங்க.