தயிர்க்காரிக்காக வந்த ஃபோன்

அந்த நாவலில் ராணிக்குப் பேச ஆள் கிடையாது. கணவன் போருக்குப் போய்விடுகிறான், மலைக்கோட்டையில் அவள் மட்டும். புத்தகத்தில் பாதிக்கு மேல் அவள் மனதில் ஓடுவதுதான். அதைத் தொலைக்காட்சித் தொடராக எழுதும் வேலை எனக்கு வந்தது.

மணவிலக்கு ஆனபின் நான் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். எழுதியதைச் சென்னைக்கு மெயிலில் அனுப்பிவிடுவேன். சில நாட்கள் பால்காரரிடம் பேசியதோடு சரி. ராணியைப் படிக்கப் படிக்க, இவளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

ஆனால் மனதில் ஓடுவதை கேமராவால் காட்ட முடியாது. ஒரே முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, யாருடனாவது பேச வையுங்கள் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். கோட்டைக்குத் தயிர் கொண்டுவரும் ஒருத்தியை உண்டாக்கினேன். வாய் ஓயாதவள், ராணியையே கிண்டல் செய்கிறவள்.

இதை நாவலாசிரியரிடம் சொல்லியாக வேண்டும். எழுபதைத் தாண்டியவர். திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். அவர் எழுதியது அந்த ஒரு நாவல்தான். பஸ் ஏறிப் போய்க் காட்சிகளைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"அவளுக்கு ஆருமே இல்லீங்க அம்மிணி. அதத்தான் நான் எழுதுனேன்."

டிவிக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். என் முகத்தைப் பார்க்காமலேயே சம்மதித்தார்.

தொடர் தொடங்கி, தயிர்க்காரி வந்த அன்று சாயங்காலமே அவரிடமிருந்து ஃபோன். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அதன்பின் தொடர் முடிந்ததும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவள் பேசியதைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பார். அந்த ஃபோன் வந்தபிறகுதான் நான் உலை வைப்பேன். அவரைச் சிரிக்க வைக்கவென்றே சில வசனங்கள் எழுதினேன்.

பிறகு தயிர்க்காரியாக நடித்த நடிகைக்கு சினிமா வாய்ப்பு வந்தது. வேறு முகத்தைப் போட்டால் எடுபடாது, காய்ச்சலில் சாகடித்துவிடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், ஷூட்டிங்கும் முடிந்தது. அவர் அதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று, அந்தக் காட்சி வரும் அன்று மத்தியானமே திருச்செங்கோட்டுக்குப் போனேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சாவடிக்கத்தான் வேணுமுங்களா? ஊருக்குப் போயிட்டான்னு உட்டறக் கூடாதுங்களா?"

எடுத்து முடித்துவிட்டார்கள் என்றேன். எழுந்து காபி போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"எம்பட ஊட்டுக்காரி அப்பவே சொன்னாளுங்க, அந்த ராணிப் புள்ளைக்குப் பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளக் குடுங்கன்னு. கதைக்கு ஆவாதுன்னு நாந்தான் கேக்கல."

இருவரும் சேர்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தோம். தயிர்க்காரியின் தலை ராணியின் மடியில் சாய்ந்ததும் விளம்பரம் போட்டார்கள். அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். இப்போது பார்ப்பதில்லை என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

தொடர் முடிந்தது. நாவலில் இருந்தபடியே கடைசியில் ராணி தனியாகத்தான் இருந்தாள். சேனலில் பாராட்டினார்கள். இப்போது வேறொரு தொடர் எழுதுகிறேன், வீடு நிறைய ஆட்கள் இருக்கும் கதை. பொங்கலன்று அவரைக் கூப்பிட்டேன். சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டார். ஆச்சு என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் ஃபோனை வைக்காமல் இருந்தோம்.