குடும்பத்துக்கு ஒரு வாக்கு

ஒரு மரத்தின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கோ. மன்னார்த் தீவில், பள்ளிமுனைப் பக்கம் நிற்கிற பழைய பெருக்க மரம் அது. பத்துப் பேர் கைகோர்த்தாலும் வளைத்துப் பிடிப்பது கஷ்டம். அதற்குக் கிட்டத்தான் என் மனைவியின் அண்ணன் வீடு. சண்டை முடிந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் மரம் பார்க்க வரத் தொடங்கிவிட்டது. மச்சான் வாசலில் மேசை போட்டு இளநீர் வெட்டினார். நானோ தலைமன்னாரில், தெரு முடிகிற இடத்தில், தேநீர்க் கடை திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களிடமும் ஒன்று இருந்தது. கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகள். தீடை என்போம். வெயில் ஏற ஏற அந்த மணலின் நிறம் மாறும். ஆனால் யார் வந்து பார்த்தார்கள்?

அப்போதுதான் மாவட்டத்தின் இயற்கை அழகுகளில் எது முதலாவது என்று இணையத்தில் வாக்கெடுப்பு வந்தது. முதலாவதைச் சுற்றுலா வரைபடத்தில் போட்டு, தெருவில் பலகையும் நடுவார்களாம். பலகை வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் என் அடுப்பு எரியும். பட்டியலில் தீடையும் இருந்தது, அந்த மரமும் இருந்தது.

கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். குடும்ப அட்டையோடு இணையக் கடைக்கு வரச் சொன்னேன். முகாமில் பழகிய பழக்கம் அது. அரிசியோ தகரமோ, அட்டைக்கு ஒன்று. குடும்பத் தலைவர் வரிசையில் நின்று வாங்க வேண்டும். வாக்கும் அப்படித்தான் என்று எல்லாருமே நினைத்தோம். கணினியில் இருந்த பிள்ளை அட்டை எதற்கு என்று கேட்டாள். பிறகு பிரச்சினை வரக்கூடாது என்று சொல்லி, ஒவ்வோர் அட்டையாக நானே சரிபார்த்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

மரம் வென்றது. தீடை அதற்கு அடுத்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வென்ற கதையை எடுக்கவே இல்லை; அது எனக்கு இன்னும் எரிந்தது. கடைசியில் நானே எடுத்தேன். வீட்டில் எத்தனை பேர் போட்டீர்கள் என்று கேட்டார். குடும்பத்துக்கு ஒன்றுதானே என்றேன்.

"ஏன் மச்சான், ஆளுக்கு ஒண்டு போடலாமே. எங்கட வீட்டில ஏழு பேரும் போட்டது."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தேன். "கேட்டியே? நீயும் போட்டிருந்தால்..."

"நான் போட்டிருந்தால் மரத்துக்கெல்லோ போட்டிருப்பன்" என்றாள், ஆற்றுவதை நிறுத்தாமல். "ஊர் முழுக்கக் கேட்டனீங்கள். என்னை ஒருக்கா கேட்டனீங்களே?"

மச்சான் நிலத்தைப் பார்த்தார். என் எரிச்சலெல்லாம் வியாபார எரிச்சல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் முகாம் முகாமாக என்னோடு அலைந்தவளுக்கு ஊர் என்றால் இன்னும் பிறந்து வளர்ந்த அந்த மரத்தடிதான்.

அடுத்த கிழமை அவளைப் பள்ளிமுனைக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் வந்தவர்கள் படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருந்து, மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னையும் வரச் சொன்னாள். செருப்புக்குள் மணல் என்று சொல்லி, தெருவிலேயே நின்றுவிட்டேன்.